ஹெரால்டா, அம்பாசடரா, ஃபியட்டா? சின்ன பட்ஜெட்டில் பழைய கார் எடுப்பவரின் கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில், புளியமரத்தடியில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது என்று தகவல் வந்தது. டிங்கரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கார்க்காரர், "ஒரே ஓனருங்க, பாடியில கையே வெச்சதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணன் பதில் பேசவில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி, கதவின் கீழ் விளிம்பில் வைத்தார். தொப்பென்று மண்ணில் விழுந்தது. ஒரு சாண் மேலே வைத்தார். அங்கேயும் விழுந்தது. கண்ணாடிக்குச் சற்றுக் கீழே போனதும்தான் ஒட்டியது.

"தம்பி, இது தகரம் இல்லீங்க, பட்டி. செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்ல அப்பியிருக்காங்க" என்றார் என் காதருகே.

அதற்காக நான் அந்த வண்டியை விட்டுவிடவில்லை. பட்டியை உரித்து, புதுத் தகரம் வெட்டிப் பற்றவைப்பது அவருக்குக் கைவந்த வேலை. என்னை யோசிக்க வைத்தது வேறு. ஹெட்லைட் வளையம் ஒன்றைக் காணோம். பானட்டைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் கொக்கி ஒன்று இல்லை. டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. பின்கதவு ஒன்றில் கண்ணாடியும் இல்லை, அதைத் தூக்கி இறக்கும் மெஷினும் இல்லை. எலி கடித்த சீட்டின் மேல் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். எழுதி முடித்தபோது பட்டியல் 31-இல் நின்றது.

பழைய கார் விஷயத்தில் நான் காசு கொடுத்துக் கற்றது இது: கெட்டுப்போனதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். காணாமல் போனதைத் தேடிப் பிடிக்க என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் ஜாம் ஆன, ஆனால் திருகு ஆணி வரை எல்லாம் இருக்கிற கார் ஒன்று. நன்றாக ஓடுகிற, ஆனால் பாதிச் சாமான் இல்லாத கார் இன்னொன்று. இரண்டும் ஒரே விலை என்றால் முதல் காரைத்தான் எடுக்க வேண்டும். கீழே நான் செய்யும் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கணக்கை வைத்துத்தான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் ஒட்ட வேலை பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். ரோல்ஸ் ராய்ஸ் வாங்குகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிடித்தது காரைப் பார்த்து அல்ல, காகிதத்தைப் பார்த்து. கோவை உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் கயிறு போட்டுக் கட்டிய கட்டு ஒன்றுக்குள் பச்சை அட்டை போட்ட ஆங்கிலப் பத்திரிகைகள் இருந்தன. பெயர் ‘மோட்டார் ஸ்போர்ட்’. 1924-இல் ‘புரூக்லண்ட்ஸ் கெஸட்’ என்ற பெயரில் இங்கிலாந்தில் தொடங்கியது. பில் பாடி என்பவர் 1936 முதல் 1991 வரை அதன் ஆசிரியராக இருந்தார். எழுத்து அரிசி மணி அளவுக்குத்தான் இருக்கும், படம் குறைவு. ஆனால் கார் என்றால் அதில் ஆசாபாசம் எல்லாம் உண்டு. இத்தாலியில் நடந்த 1955 மில்லே மிலியா சாலைப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடிஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போன டெனிஸ் ஜென்கின்சன், இந்தப் பத்திரிகையின் நிருபர்தான். வழியில் வரும் வளைவுகளையெல்லாம் நீளமான காகிதச் சுருளில் எழுதிவைத்து, அதைச் சுருட்டிக்கொண்டே கையால் மாஸுக்குச் சைகை காட்டினார். ஆயிரம் மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தை 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்து ஜெயித்தார்கள். காரின் நம்பர் 722, காலை 7.22-க்குக் கிளம்பியது என்று அர்த்தம். சின்ன எஞ்சின் கார்களையெல்லாம் முந்தின இரவே அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கட்டைப் புரட்டப் புரட்டத்தான் ஒன்று உறைத்தது. நம் தெருவில் காய்கறி ஏற்றிக்கொண்டு போன கார்களின் எஞ்சின்கள்தான் அந்தப் பக்கங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முதல் எஞ்சினும் ஒரே குடும்பம், ஒரே அளவு. ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கித்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அந்த ஸ்பிட்ஃபயர் 1965-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. ஃபியட் கதை இதையெல்லாம்விடப் பெரிது. 1947 மில்லே மிலியாவில், உடம்பு தேய்ந்து, ஐம்பது வயது தாண்டியிருந்த இத்தாலியப் பந்தய வீரர் டாசியோ நுவோலாரி, கொட்டும் மழையில் திறந்த சிசிடாலியா காரை ஓட்டி இரண்டாவதாக வந்தார். அந்தக் காருக்குள் இருந்தது ஃபியட் 1100 எஞ்சினை முறுக்கேற்றியது. ஃபியட் வழி வந்த நம் பத்மினி காரின் 1089 சிசி எஞ்சினுக்கு அது பெரியப்பா முறை.

நம் பக்கத்திலும் இது வெறும் காகிதக் கதையாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டு, பிறகு கைவிட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. ஹெரால்டும் ஃபியட்டும் அங்கே சீறின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. கோவைக்காரர்களுக்குக் கரிவரதனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. இங்கேயே பந்தயக் கார் கட்டலாம் என்று காட்டியவர். செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடம் அவர் பெயரில்தான் நிற்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பரம்பரைப் பெருமையைப் பார்த்துக் கார் எடுத்தால் கை சுடும். ‘கம்ப்ரஷனைக் கூட்டுங்கள், இரண்டு கார்புரேட்டர் மாட்டுங்கள்’ என்று 1950-களின் பத்திரிகைகள் சொல்லும் வேலையை, அறுபது வயதான கிராங்க் ஷாஃப்டில் செய்து பார்க்காதீர்கள். அந்தப் பக்கங்களால் உண்மையான பிரயோஜனம் வேறு. படத்தில் பம்பர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கண்ணாடி எந்தப் பக்கம், வீல் கப் எப்படி, பீடிங் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். கடைக்காரர் நீட்டும் சாமான் நம் வண்டியுடையதுதானா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். பத்திரிகையா, வொர்க்‌ஷாப் மேனுவலா, எதற்கு முதலில் காசு போடுவது என்று கேட்டால் மேனுவலுக்குத்தான். போல்டு எவ்வளவு முறுக்க வேண்டும் என்று எந்தப் பந்தய நிருபரும் எழுதவில்லை.

சரி, கார்களுக்கு வருவோம்.

மூன்றில் என் மனசு ஹெரால்டு பக்கம்தான். அதனால் அதை முதலில் குறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டை, 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் சென்னைக்கு வெளியே, வண்டலூரை ஒட்டி இருந்த ஆலையில் செய்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சிசி. பட்ஜெட்காரனுக்கு இந்தக் காரில் இரண்டு பெரிய வசதி உண்டு. தனி சேசிஸ் இருக்கிறது. பாடியைத் துண்டு துண்டாக போல்டு கழற்றி எடுக்கலாம். பானட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுசும் முதலை வாய்போல முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்), கார்புரேட்டர், ஸ்டியரிங் எல்லாவற்றையும் தொடலாம். முதுகு வலி உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கார் இல்லை. சந்துக்குள் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும்.

இனி தொல்லைகள். முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் அடியில் பித்தளையில் மரை வெட்டிய ஒரு துண்டு இருக்கும், டிரன்னியன் என்பார்கள். அதற்குள் கியர் ஆயில்தான் போக வேண்டும், 90 நம்பர். நம் ஷெட்களில் வழக்கப்படி கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுவார்கள். கிரீஸ் அடிவரை போகாது. தண்ணீர் இறங்கி, மரை துருப்பிடித்து, ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது கம்பி முறிந்து சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். ஹெரால்டு பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது, "இங்கே என்ன ஊற்றுகிறீர்கள்?" என்பதைத்தான். பதில் கிரீஸ் என்று வந்தால், அந்த இரண்டு பக்கத்துச் சாமானையும் மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், நடுவிலிருந்து இரண்டு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடும் வகை. வேகமாக வளைவில் போய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் வளைவுகளில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சாமான் விஷயத்தில் ஹெரால்டுக்கு இரண்டு முகம். இரண்டு கதவு வண்டி என்றால் தப்பித்தீர்கள். இங்கிலாந்தில் டிரையம்ஃப் சாமான் விற்கும் கடைகள் இன்றும் ஆணி முதல் அட்டை வரை வைத்திருக்கின்றன. தபால் செலவும் கஸ்டம்ஸ் வரியும் கசக்கும், ஆனாலும் கிடைக்கும். நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்தது. அதன் பின்கதவு, அந்தக் கதவின் கண்ணாடி, பீடிங், இவை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இன்னொரு நாலு கதவு ஹெரால்டு செத்தால்தான் உண்டு. புளியமரத்தடியில் நின்றது நாலு கதவு. 31 சாமானில் 11 பின்கதவுகளைச் சேர்ந்தவை. அதற்கப்புறம் வந்த ஸ்டாண்டர்ட் கஸெல் இதே ரத்தம்தான். ஸ்விங் ஆக்ஸிலுக்குப் பதில் சாதாரண ஆக்ஸில் மாட்டியதால் ஓட்டப் பத்திரம். ஆனால் தென்படுவது அபூர்வம்.

அம்பாசடர் இதற்கு நேர் எதிர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து 1950-களின் இறுதியில் உத்தரபாராவில் தொடங்கி, 2014 மே மாதம் வரை செய்தார்கள். சாமான் இல்லாத ஊர் இல்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு, எங்கள் ஊர்க் காயலான் கடையில் எடைக்கு. அம்பாசடரில் கை வைக்காத மெக்கானிக் ஐம்பது வயதுக்கு மேல் யாரும் இருக்க மாட்டார். தகரம் கனம், பற்றவைக்கும்போது ஓட்டை விழாது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போகலாம், ஆறு பேர் உட்காரலாம். முதல் பழைய கார், கையில் காசு கம்மி, அடிக்கடி ஓட்ட வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் சொல்லும் பதில் அம்பாசடர்தான்.

அப்படியானால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். முடியாது, சாமான் தாராளமாகக் கிடைப்பதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. ஐம்பது வருடமாக ஏறக்குறைய ஒரே உருவம் என்பதால் இதன் மூக்கு அதற்குப் பொருந்தும், அதன் டேஷ்போர்டு இதற்குப் பொருந்தும். 1970 மார்க் 2 வகை என்று சொல்லி விற்கும் வண்டியின் முன்பக்கம் பின்னால் வந்த மார்க் 4-ஆக இருக்கும், சீட் 1990-களின் அம்பாசடர் நோவாவுடையதாக இருக்கும், பானட்டுக்குள் டீசல் எஞ்சின் தடதடக்கும். ஒரு சாமான்கூடக் காணாமல் போயிருக்காது. ஆனால் பாதி அந்த வண்டிக்குப் பிறந்ததாக இருக்காது. சதுரங்கப் பலகை போன்ற மார்க் 2 கிரில்லை நெளியாமல் கொள்ளாமல் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். ஆகவே அம்பாசடரில் இல்லாததை எண்ணினால் போதாது. பொருந்தாததையும் எண்ண வேண்டும். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அசல் வடிவில் நிறுத்த வேண்டும் என்றால், மூன்றிலும் அதிகம் செலவு வைப்பது அம்பாசடராகக்கூட இருக்கலாம்.

டீசல் எஞ்சின் பற்றி இன்னொன்று. ஆர்.சி. புக்கில் பெட்ரோல் என்று இருந்து உள்ளே டீசல் இருந்தால் அந்த வண்டியைத் தொடாதீர்கள். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாத வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்தி பதில் சொல்லிக்கொண்டிருக்க உங்களுக்கு வயது போதாது.

ஃபியட்டுக்கு வரிசைப் பெயர்கள் பல. 1950-களில் வந்த ‘டுக்கர்’. அதன் முன்கதவு எதிர்ப்பக்கமாகத் திறக்கும். 1964-இல் டிலைட், 1970-களில் பிரீமியர் பிரெசிடெண்ட், அப்புறம் பத்மினி. எல்லாம் மும்பை குர்லாவில் செய்தவை. இதில் சேசிஸ் தனியாக இல்லை, பாடிதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பெட்டி போன்ற தகரமும் தளமும் அரித்துவிட்டால், கார் நடுவில் தொய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் காந்தம்கூட வேண்டாம். ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்குங்கள். தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். முன்பு ஒழுங்காக மூடிய கதவு இப்போது இடித்தால், இடுப்பு போய்விட்டது என்று அர்த்தம். ஜாக்கி தகரத்துக்குள்ளேயே இறங்கினால் விலை கேட்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

எலும்பு நன்றாக இருந்தால், மிச்சம் எல்லாம் சட்டைப் பைக்கு அடக்கமான வேலை. ஸ்டியரிங்கோடு சேர்ந்த கை கியர் தேடித் தேடி விழும். பெரும்பாலும் அதன் இணைப்புகளில் உள்ள புஷ் தேய்ந்திருக்கும். கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு சின்ன லேத் பட்டறையில் நைலான் கட்டையைக் கொடுத்தால் கடைந்து தந்துவிடுவார்கள். ஒரு பிரியாணி காசுகூட ஆகாது. கிங் பின், வாட்டர் பம்ப், பிரேக் கிட் எல்லாம் கிடைக்கும். இவ்வளவு சாமான் புழங்கியதற்கு மும்பை டாக்சிகள் ஒரு பெரிய காரணம். அந்தக் கறுப்பு மஞ்சள் பத்மினிகளில் கடைசி வண்டியும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. கடைகளில் இருக்கும் சரக்கு தீரத் தீர விலை ஏறும் என்பது என் ஊகம். எடுப்பதாக இருந்தால் வண்டியோடு சேர்த்தே தேய்மானச் சாமான்களை இரண்டு செட் வாங்கி வைத்துவிடுங்கள். ஓட்டுவதற்கு? அம்பாசடர் எருமை, ஃபியட் கன்றுக்குட்டி. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மாருதி 800-ஐ ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். 1983 டிசம்பரில் வந்த முதல் வகை இப்போது நல்ல விலைக்குப் போகிறது, சாமானும் கிடைக்கிறது. ஆனால் தகரம் அப்பளம். கோணலான மூலையைத் தட்டி எடுப்பதற்குள் கிழிந்துவிடுகிறது. எனக்குப் பொறுமை இல்லை.

விலை பேசுவதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வாடகைக்கு ஓடாத, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. புது நம்பரில் ‘வி.ஏ.’ என்று எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் அந்தப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதில்தான் ஆசை. ஆனால் விண்டேஜ் பதிவு வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போகக் கூடாது. அப்படி ஓட்ட நினைத்தால் சாதாரணப் பதிவைத்தான் ஐந்தாண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கு அந்தக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகிறது. ஹெரால்டு எல்லாமே 50 தாண்டியாகிவிட்டது. பத்மினியிலும் அம்பாசடரிலும் வருடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் இருக்கும் தாத்தா காலமாகிவிட்டார் என்றால், வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் கையெழுத்தும் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாங்க’ என்ற வார்த்தையை நம்பி நான் ஒரு முறை எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் முன்பணத்தைப் பாதிதான் திருப்பி வாங்கினேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். கழற்றியதைத் திரும்பப் பூட்டாமல், அட்டைப்பெட்டிகளாக விற்ற கார்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். முன்பு சொன்ன நாலு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குச் சாமான் கிடைப்பதே அப்படித்தான். முதலில் நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், அதற்கப்புறம்தான் மினுக்க வேண்டும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் முதல் செலவு. வீல் சிலிண்டர் உள்ளே குழிவிழுந்திருந்தால் புதுசு தேடி அலையாமல் லேத்தில் ஸ்லீவ் போடச் சொல்லலாம். அடுத்தது பெட்ரோல் டேங்க். வருடக்கணக்காக நின்ற வண்டியில் பழைய பெட்ரோல் கோந்தாகிக் கிடக்கும். கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்தால் அத்தனையும் கார்புரேட்டருக்கு வரும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் இளகிக் கசியும். எத்தனால் தாங்கும் குழாயை மாற்றிவிடுங்கள். தீப்பிடிக்கும் காரியம் என்பதால் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வண்டியைப் பல வாரம் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் தண்ணீர் கோக்கும், அதையும் பாருங்கள்.

எஞ்சின் ஜாம் என்றால் செல்ஃப் போட்டு முட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். பிறகு கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். நான் பார்த்த நாலு ஜாமில் மூன்று இப்படியே விட்டது. பேட்டரி மாட்டுமுன் எர்த் எந்தப் பக்கம் என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் வகை வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். மாற்றிக் கொடுத்தால் டைனமோ வேலைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும்.

பீடிங் ரப்பருக்கு வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் விலை ஒன்று, பஸ் பாடி கட்டும் கரூரில் ஒரு துண்டு மாதிரியைக் காட்டி மீட்டர் கணக்கில் கேட்டால் விலை வேறு. அளவு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தகரம் வைத்தால் கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.டூ வெல்டிங் நல்லது, தகரம் நெளியாது. பெயிண்ட் கடைசி. பழைய பெயிண்ட் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் பாலிஷ் போட்டு அப்படியே விடுவதுதான் என் கட்சி. அடித்தால் ஒழியத் தீராது என்றால் மட்டும் அடியுங்கள். குரோமும் அப்படித்தான். கொஞ்சம் மங்கினால் மங்கட்டும். வார்ப்பில் செய்த சின்னக் கைப்பிடிகளில் பொரி விழுந்துவிட்டால் மேலே குரோம் பிடிப்பது கடினம், காசு தண்டம். குரோம் போடக் கொடுத்த ஓரிடத்தில் என் ஹெட்லைட் வளையம் ஒன்றைத் தொலைத்துவிட்டு, "இருந்ததே ஒண்ணுதானுங்க" என்றார்கள். அன்றிலிருந்து எதைக் கொடுத்தாலும் தரையில் பரப்பிப் படம் எடுத்து, எண்ணி, கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

ரூபாய்க் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். என் நோட்டில் உள்ளபடி விகிதம் சொல்கிறேன்: செலவான ஒவ்வொரு நூறிலும் 45 டிங்கரிங்கிற்கும் பெயிண்டுக்கும், 20 எஞ்சினுக்கு, 10 பிரேக்குக்கும் டயருக்கும், மிச்சம் 25 ‘சின்னச் சாமான்’ என்ற தலைப்பில். ஆரம்பத்தில் அந்தத் தலைப்புக்கு நான் ஒதுக்கியது 5.

நான் எடுத்தது 1968 ஃபியட் டிலைட். ஈரோட்டில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. எஞ்சின் ஜாம், நாலு டயரும் தரையோடு தரை. அண்ணன் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவை இரண்டு முறை திறந்து மூடிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் நோட்டை எடுத்து எண்ணினேன். இல்லாதவை நாலே நாலு: உள்கூரை விளக்கின் கண்ணாடி, டிக்கி பூட்டு, ஜாக்கிக் கம்பி, ஒரு வீல் கப். "பொள்ளாச்சி வண்டிதானே தம்பிக்குப் புடிச்சிருந்துச்சு?" என்றார் அண்ணன் திரும்பி வரும்போது. ஆமாம் என்றேன். இன்றும் ஆமாம்தான். அந்தப் பக்கம் போனால் புளியமரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பட்டியல் 31-லிருந்து 34 ஆகிவிட்டது.

விளக்குக் கண்ணாடி குர்லாவிலிருந்து வந்தது, பூட்டு புதுப்பேட்டையில் கிடைத்தது, கம்பியை லேத்தில் செய்துகொண்டேன். வீல் கப் மட்டும் இன்னும் அகப்படவில்லை. இருக்கிற மூன்றையும் மாட்டிவிட்டு, மொட்டைச் சக்கரம் மதில் பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்துகிறேன்.